சூட்டு லைனுக்கு சப்போர்ட் தேர்ந்தெடுக்கும் முறை

புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம் ஒரு ஹேங்கர் (பைப்பை மேலிருந்து தொங்கவிட்டுத் தாங்கும் சப்போர்ட்) தேர்வு செய்யச் சொன்னால், முதலில் கேட்பது "லோடு எவ்வளவு சார்?" என்பதுதான். தண்ணீர் லைனுக்கு அது சரியான கேள்வி. ஸ்டீம் லைனுக்கும், சூடான எண்ணெய் ஓடும் தெர்மிக் ஃப்ளூயிட் லைனுக்கும் அது இரண்டாவது கேள்வி. சூடேறினால் அந்த இடத்தில் பைப் எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர் போகும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதற்குப் பதில் தெரியாமல் எடுத்த சப்போர்ட் எவ்வளவு கனமானதாக இருந்தாலும் வேலைக்கு ஆகாது. சொல்லப்போனால், கனம் கூடக்கூட அது செய்யும் கெடுதலும் கூடும்.

நான் அனல் மின் நிலையங்களில் பைப்பிங் பக்கமே, அதிலும் ஹேங்கர் வேலையிலேயே, காலத்தை ஓட்டியவன். இப்போது ஈரோடு, கரூர் பக்கம் சாயப்பட்டறை, காகித ஆலைகளிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். 540 டிகிரி மெயின் ஸ்டீம் ஆனாலும், 10 கிலோ பிரஷர் பாய்லர் லைன் ஆனாலும் கணக்கு ஒன்றுதான். எண்கள்தான் வேறு.

முதலில் நகர்வு

30 டிகிரியிலிருந்து தொடங்குவதாக வைத்துக்கொண்டு தோராயமான எண்களைச் சொல்கிறேன். 10 கிலோ பிரஷர் ஸ்டீம் 184 டிகிரியில் இருக்கும். கார்பன் ஸ்டீல் பைப் அந்தச் சூட்டில் மீட்டருக்கு 2 மி.மீ. நீளும். தெர்மிக் ஃப்ளூயிட் 280 டிகிரியில் ஓடினால் 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். பவர் பிளான்டில் பி22 என்னும் அலாய் ஸ்டீல் பைப் 540 டிகிரிக்குப் போகும்போது 7 மி.மீ., அதே சூட்டில் இன்னொரு அலாயான பி91 என்றால் 6 மி.மீ. சொச்சம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எல்லாவற்றையும் மிஞ்சி 9 மி.மீ. தாண்டும். ஆக, 30 மீட்டர் செங்குத்தாக இறங்கும் ஒரு பி22 மெயின் ஸ்டீம் பைப் 21 சென்டிமீட்டர் நீளும். எந்த பீமும் அதைத் தடுத்து நிறுத்த முடியாது. தடுத்தால் பீம் வளையும், இல்லாவிட்டால் டர்பைன் நாசில் (பைப் வந்து இணையும் வாய்) வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

பைப் நீள்வதோடு கதை முடியவில்லை. பைப்பின் இரு முனையிலும் இருக்கும் கருவிகளும் நகரும். பெரிய பாய்லர்கள் மேலிருந்து தொங்கவிடப்பட்டவை, சூடேறினால் கீழ்நோக்கி இறங்கும். அதனால் பாய்லர் பக்கத்து முனையைக் கணக்கில் "நிலையான புள்ளி" என்று போட்டுவிடக்கூடாது. தயாரிப்பாளர் கொடுத்த நாசில் நகர்வை மூன்று திசையிலும் வாங்கி எழுதுங்கள்.

பெரிய லைனுக்கு சீசர் போன்ற பைப் ஸ்ட்ரெஸ் கணக்கு மென்பொருளில் ஓட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் அது தரும் எண் சரியா என்று பார்க்க ஒரு கைக்கணக்கு வைத்திருப்பது நல்லது. 12 மீட்டர் நீளத்துக்குப் படுக்கையாக ஓடும் பைப் ஒன்று. இடது முனை சூட்டில் 6 மி.மீ. மேலேறுகிறது, வலது முனை 42 மி.மீ. கீழிறங்குகிறது. மொத்த வித்தியாசம் 48. இதை நேர்கோட்டில் பங்கு போட்டால் மீட்டருக்கு 4 மி.மீ. இடமிருந்து 3 மீட்டரில் உள்ள ஹேங்கர் 6 மி.மீ. இறங்கும், 9 மீட்டரில் உள்ளது 30 மி.மீ. இறங்கும். மென்பொருள் இதற்கு எதிர்த்திசையைக் காட்டினால் எங்கோ உள்ளீடு தப்பு.

இதே கணக்கில் இன்னொன்றும் கிடைக்கிறது. இடமிருந்து ஒன்றரை மீட்டரில் நகர்வு பூஜ்யம். அங்கே ஸ்பிரிங் ஹேங்கரே வேண்டாம், நீளாத, சுருங்காத சாதாரண ரிஜிட் ராடு போதும். சூட்டு லைன் என்றால் எல்லா இடத்திலும் ஸ்பிரிங் என்று போட்டுத் தள்ளுகிறவர்கள் உண்டு. செலவு ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு ரிஜிட் கூட இல்லாமல் முழு லைனும் ஸ்பிரிங்கில் தொங்கினால் அது ஆடிக்கொண்டே இருக்கும், கணக்கில் வரும் சிறு பிழைக்கும் லைன் இடம் மாறி நிற்கும். பூஜ்யப் புள்ளியைத் தேடி ரிஜிட் போடுவதுதான் கெட்டிக்காரத்தனம். முடிந்தால் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் பீம் வருகிற மாதிரி சிவில்காரர்களிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவைக்க வேண்டும்.

ரிஜிட், வேரியபிள், கான்ஸ்டன்ட்

செங்குத்து நகர்வு கிட்டத்தட்ட இல்லை என்றால் ரிஜிட். கொஞ்சம் இருந்தால் வேரியபிள் ஸ்பிரிங், பைப் நகர நகர அது தாங்கும் லோடு மாறும். நிறைய இருந்தால் கான்ஸ்டன்ட், நகர்ந்தாலும் லோடு ஏறக்குறைய மாறாது. "கொஞ்சம்", "நிறைய" என்பதை அளக்க ஒரு கோல் இருக்கிறது. பைப் சப்போர்ட்டுக்கான அமெரிக்கத் தரமான எம்.எஸ்.எஸ். எஸ்பி-58-இன்படி, வேரியபிள் ஸ்பிரிங்கில் குளிர் நிலைக்கும் சூடு நிலைக்கும் நடுவே லோடு மாறுவது, சூடு நிலை லோடில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

ஒரு உதாரணத்தைப் போட்டுப் பார்ப்போம். சூட்டில் இருக்க வேண்டிய லோடு 2,400 கிலோ. குளிரிலிருந்து சூட்டுக்கு 18 மி.மீ. மேலே போகிறது. 25 சதவீதம் என்றால் 600 கிலோ. அதை 18-ஆல் வகுத்தால் 33. ஆக, ஸ்பிரிங் ரேட், அதாவது ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்கத் தேவையான லோடு, 33 கிலோவுக்குள் இருக்க வேண்டும். கேட்டலாக்கில் 27 கிலோ ரேட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 பெருக்கல் 27, 486 கிலோ. அது 20 சதவீதம்தான், பாஸ். பைப் மேலே போகும்போது ஸ்பிரிங் தளர்கிறது, அதனால் குளிரில் லோடு கூடுதலாக இருக்க வேண்டும்: 2,400 கூட்டல் 486, அதாவது 2,886 கிலோ. இந்த இரண்டு லோடுமே அந்த அளவு ஸ்பிரிங்கின் வேலை எல்லைக்குள், இரு ஓரங்களையும் ஒட்டாமல் விழுகிறதா என்று பாருங்கள்.

இங்கேதான் ஒரு வில்லங்கம். ஆர்டர் படிவத்தில் "நகர்வு 18 மி.மீ." என்று மட்டும் எழுதி அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலா, கீழா என்று இல்லை. கீழே என்று எடுத்துக்கொண்டு தயாரிப்பாளர் செட் செய்தால் குளிர் லோடு 1,914 ஆகிவிடும். வித்தியாசம் 972 கிலோ, கிட்டத்தட்ட ஒரு டன். எண்ணோடு அம்புக்குறி போடுங்கள், "குளிரிலிருந்து சூட்டுக்கு மேல்நோக்கி" என்று எழுத்திலும் எழுதுங்கள்.

25 சதவீதம் என்பது வெளி எல்லைதான். பம்ப், டர்பைன் நாசிலுக்குப் பக்கத்து முதல் இரண்டு ஹேங்கர்களில் நான் 10 சதவீதத்துக்கு மேல் விடுவதில்லை. அதே அளவு ஸ்பிரிங்கில் நீள வகையை எடுத்தால் ரேட் பாதியாகும், மேலே சொன்ன உதாரணத்தில் மாறுபாடு 10 சதவீதத்துக்கு இறங்கிவிடும். டப்பா உயரம் கூடும், விலையும் கொஞ்சம் கூடும். நாசில் விரிசல் விட்டு டர்பைனைத் திறக்கும் செலவோடு ஒப்பிட்டால் அதெல்லாம் ஒரு செலவே இல்லை.

அதே 2,400 கிலோ 60 மி.மீ. நகர வேண்டும் என்றால், ரேட் 10 கிலோவுக்குள் வேண்டும். வேரியபிளில் இழுத்துப் பிடித்துத் தேடுவதைவிட கான்ஸ்டன்டுக்குப் போய்விடலாம். பொதுவாக 50 மி.மீ. தாண்டினால் நான் யோசிப்பதே இல்லை. கான்ஸ்டன்டின் உள்ளே ஒரு நெம்புகோல் இருக்கிறது. ஸ்பிரிங் அமுங்கி விசை கூடக்கூட நெம்புகையின் நீளம் குறைகிறது, அதனால் பைப்புக்குக் கிடைக்கும் லோடு ஏறக்குறைய மாறாது. எஸ்பி-58 அனுமதிக்கும் விலகல் 6 சதவீதம். கணக்கிட்ட நகர்வை அப்படியே கொடுக்காமல் மேலும் கீழும் கொஞ்சம் கூடுதல் பயணம் சேர்த்து ஆர்டர் செய்யுங்கள். ஆனால் ஒன்று: கான்ஸ்டன்டுக்குப் பைப்பின் எடையைத் துல்லியமாகக் கொடுக்க வேண்டும். வேரியபிள் சின்னத் தப்பைத் தன் நீளத்தில் ஏற்றுக்கொண்டு சமாளித்துவிடும். கான்ஸ்டன்ட் சமாளிக்காது, ஒரேயடியாக மேல் முட்டிலோ கீழ் முட்டிலோ போய் நிற்கும். வால்வு எடை, இன்சுலேஷன் எடை எல்லாம் டேட்டா ஷீட்டிலிருந்து வரவேண்டும், உத்தேசமாக அல்ல.

சில இடங்களில் காசை மிச்சம் பிடிக்க, 10 மி.மீ. மேலேறும் இடத்திலும் கீழே ஒரு ரெஸ்ட் சப்போர்ட் வைத்துவிடுகிறார்கள். குளிரில் பார்க்க அழகாக உட்கார்ந்திருக்கும். சூட்டில் பைப் அதை விட்டுத் தூக்கிக்கொள்ளும். நான்கு கால் மேசையில் ஒரு கால் குட்டையானது போல, அதன் பங்கு எடை பக்கத்துச் சப்போர்ட்டுகள் மேல் போய் விழும். லைன் ஓடும்போது ஷூவுக்கும் (பைப்பின் அடியில் பொருத்திய கால்) பீமுக்கும் நடுவே ஒரு காகிதத்தைச் சொருகிப் பாருங்கள். தடையில்லாமல் போனால் அந்தச் சப்போர்ட் அங்கே சும்மா நிற்கிறது.

இடைவெளி

பவர் பிளான்ட் பைப்பிங்குக்கான அமெரிக்க விதித்தொகுப்பான ஏ.எஸ்.எம்.இ. பி31.1-இல் சப்போர்ட் இடைவெளிக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. ஸ்டீம் லைனுக்கு 4 அங்குலத்துக்கு 5.2 மீட்டர், 8 அங்குலத்துக்கு 7.3, 12 அங்குலத்துக்கு 9.1 மீட்டர். தண்ணீர் நிறைந்த 8 அங்குலத்துக்கு 5.8. இந்தப் பட்டியல் 400 டிகிரி வரைக்கும்தான், அதுவும் நடுவில் வால்வு போன்ற கூடுதல் எடை இல்லாத நேர் ஓட்டத்துக்குத்தான். இந்த இரண்டு நிபந்தனையையும் படிக்காமல் எண்ணை மட்டும் எடுத்து 540 டிகிரி லைனில் போடுகிறார்கள். அந்தச் சூட்டில் உலோகம் வருடக்கணக்கில் மெதுவாகத் தொய்யும், க்ரீப் என்கிறோமே, அதுதான். அங்கே இடைவெளியைக் கணக்கிட்டுத்தான் குறைக்க வேண்டும். வால்வு இருந்தால் அதன் பக்கத்திலேயே ஒரு சப்போர்ட். எல்போவுக்கு நெருக்கமாக ஒன்று.

ராடு நீளம்

இது பலர் கண்ணுக்குத் தப்பும். பைப் பக்கவாட்டில் நகரும்போது ராடு சாயும். 4 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது. பக்கவாட்டு நகர்வு 90 மி.மீ. என்றால், இரு முனைப் பின்களுக்கு நடுவே ராடு கிட்டத்தட்ட 1.3 மீட்டர் வேண்டும். அவ்வளவு உயரம் இல்லையா? குளிரில் நகர்வின் பாதி அளவு எதிர்ப்பக்கம் சாய்த்துக் கட்டுங்கள். சூட்டில் அது மறுபக்கம் அதே அளவு சாயும். தேவையான நீளம் 65 சென்டிமீட்டராகக் குறையும். இதை டிராயிங்கில் எழுதி, ஃபிட்டரிடமும் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் ஸ்பிரிட் லெவல் வைத்து ராடை நெட்டுக்குத்தாக நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அவர் மேல் குறை இல்லை, சாய்ந்த ராடு என்றால் தப்பான வேலை என்றுதானே கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

கீழே உட்காரும் சப்போர்ட்

பைப் ரேக்கில் ஓடும் லைனுக்கு ஷூதான். ஷூவின் உயரம் இன்சுலேஷன் தடிமனைவிட அதிகமாக இருக்க வேண்டும். நீளம், நகர்வு முழுவதும் போனபிறகும் பீம் மேல் தாராளமாக மிச்சம் இருக்கிற அளவுக்கு வேண்டும். நகர்வு 120 மி.மீ. இருக்கும் இடத்தில் 300 மி.மீ. ஷூவை நடுவில் வைத்தால், 150-இல் 120 போய்விடுகிறது. பீம் விளிம்பிலிருந்து ஷூ ஒருமுறை விழுந்துவிட்டால், குளிரும்போது அது பீமின் முதுகில் முட்டிக்கொண்டு திரும்ப ஏறாது. அப்புறம் பைப் பீமைத் தள்ளும்.

உராய்வைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். 8 அங்குல தெர்மிக் ஃப்ளூயிட் லைன், எண்ணெயும் இன்சுலேஷனும் சேர்த்து மீட்டருக்குச் சுமார் 90 கிலோ. 5.8 மீட்டர் இடைவெளியில் ஒவ்வொரு ஷூவிலும் 520 கிலோ. இரும்பு மேல் இரும்பு உராய்வு 0.3. ஷூவுக்கு 156 கிலோ, ஆங்கருக்கும் (பைப்பை அசையவிடாமல் பிடிக்கும் இடம்) லூப்புக்கும் (நீட்சியை வாங்கிக்கொள்ளும் பைப் வளைவு) நடுவே எட்டு ஷூ இருந்தால் ஆங்கர் மேல் ஒன்றேகால் டன். டெஃப்லான் பேட் போட்டால் உராய்வு 0.1, அது 400 கிலோ சொச்சமாகக் குறையும். டெஃப்லானைச் சூட்டுக்கு நேரடியாகக் காட்டக்கூடாது, 200 டிகிரிக்கு மேல் அதை நம்ப வேண்டாம். ஷூவின் அடிப்பகுதி காற்றில் நன்றாக ஆறிவிடுவதால் பெரும்பாலும் பிரச்சினை வராது. சூடு நேராக இறங்கும் இடத்தில் கிராஃபைட் பேட் எடுங்கள். ஆனால் டெஃப்லான் மேல் வெல்டிங் பொறி விழுந்தாலோ, பெயிண்ட் அடித்துவிட்டாலோ, சிமென்ட் தூசி படிந்தாலோ, கொடுத்த காசு வீண்.

யூ-போல்ட் பற்றி ஒரே வரி: சூட்டு லைனில் யூ-போல்ட்டை இறுக்கிக் கட்டாதீர்கள். பைப் பக்கவாட்டில் விலகாமல் இருக்க கைடு வேண்டுமென்றால் ஷூவின் இருபக்கமும் 2, 3 மி.மீ. இடைவெளி விட்டு ஆங்கிள் வையுங்கள்.

கிளாம்ப் எதனால் செய்தது

ஸ்பிரிங் டப்பா வெளியே ஆறிய காற்றில் இருக்கிறது. கிளாம்ப் இன்சுலேஷனுக்குள்ளே, பைப்பின் சூட்டிலேயே வேகிறது. ஆகவே கிளாம்ப் உலோகத்தை பைப்பின் சூட்டுக்குத்தான் தேர்வு செய்ய வேண்டும். 400 டிகிரி வரை கார்பன் ஸ்டீல் ஓடும். அதற்கு மேல் நாளடைவில் கார்பன் கிராஃபைட்டாகப் பிரிந்து உலோகம் பலம் இழக்கும், அலாய் ஸ்டீல்தான் வேண்டும். போல்ட்டும் அப்படியே. அலாய் கிளாம்ப் வாங்கிவிட்டுக் கடையில் கிடைத்த சாதாரண போல்ட்டை மாட்டியிருப்பதைப் பார்த்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். கால்வனைஸ் செய்த கிளாம்பும் வேண்டாம். துத்தநாகம் 419 டிகிரியில் உருகும், உருகியது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேல் பட்டால் அதை விரிசல் விட வைக்கும்.

இன்சுலேஷன் செய்த பைப்புக்கு மூன்று போல்ட் கிளாம்ப் எடுங்கள். ராடு மாட்டும் மேல் போல்ட் இன்சுலேஷனுக்கு வெளியே நிற்கும். செங்குத்துப் பைப்புக்கு இருபக்கமும் கை நீட்டிய ரைசர் கிளாம்ப், வழுக்காமல் இருக்க பைப்பில் வெல்ட் செய்த லக். இதில் ஒவ்வொரு கையும் முழு எடையைத் தனியாகத் தாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும், பாதி பாதி என்று கணக்கு போடாதீர்கள். சைட்டில் இரண்டு ராடும் சமமாக இழுப்பது அபூர்வம். பி91 பைப்பில் லக் வைப்பதாக இருந்தால் பைப் தயாரிக்கும் பட்டறையிலேயே வைத்து வாங்குங்கள். சைட்டில் அந்த வெல்டிங்குக்கு முன்சூடு, பிறகு 730 டிகிரிக்கு மேல் ஹீட் ட்ரீட்மென்ட், ஐ.பி.ஆர். (இந்திய பாய்லர் விதிகள்) தகுதி பெற்ற வெல்டர், சோதனை என்று வால் நீண்டுகொண்டே போகும்.

பெல்லோஸ் போட்டால்

சின்ன ஆலைகளில் லூப்புக்கு இடமில்லை என்று பெல்லோஸ் (நீட்சியை வாங்கிக்கொள்ளும் மடிப்புக் குழாய்) போடுகிறார்கள். போடலாம். ஆனால் பெல்லோஸ் போட்ட நிமிடத்தில் சப்போர்ட் வேலை இரட்டிப்பாகிறது. உள்ளே இருக்கும் பிரஷர் பெல்லோஸை இழுத்து நீட்டப் பார்க்கும். சராசரி விட்டம் 500 மி.மீ., பிரஷர் 10 கிலோ என்றால் அந்தத் தள்ளுவிசை சுமார் 20 டன். இருபுறமும் அதைத் தாங்கும் மெயின் ஆங்கர், பெல்லோஸை ஒட்டி கைடுகள், இவை இல்லாமல் பெல்லோஸ் மட்டும் இருந்தால் லைன் பாம்பாக நெளியும்.

1974 ஜூன் 1 அன்று இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ரசாயன ஆலையில் நடந்ததை இதற்காகவே எல்லோருக்கும் சொல்வேன். ஆறு ரியாக்டர்களில் ஐந்தாவதில் விரிசல். அதைக் கழற்றிவிட்டு நான்காவதையும் ஆறாவதையும் 20 அங்குலத் தற்காலிகப் பைப்பால் இணைத்தார்கள். இரு முனையிலும் பெல்லோஸ், நடுவில் மட்டம் மாறும் வளைவு. சப்போர்ட் என்று இருந்தது சாரக் குழாய்கள்தான். உள்ளே 155 டிகிரியில் சைக்ளோஹெக்சேன் என்ற தீப்பற்றும் திரவம். வளைந்த பைப்பை பிரஷர் முறுக்கும் என்பதை யாரும் கணக்கிடவில்லை. பைப் கழன்றது, ஆவி வெடித்தது, 28 பேர் செத்தார்கள். தற்காலிக லைன் என்பதால் தற்காலிக சப்போர்ட் போதும் என்று யாராவது சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள்.

சேஃப்டி வால்வு திறக்கும் இடம், டர்பைன் ட்ரிப் ஆனால் அதிரும் இடம் ஆகியவற்றில் மட்டும் ஸ்னப்பர். மெதுவான நகர்வுக்கு விட்டுக்கொடுக்கும், திடீர் உதைக்குப் பிடித்துக்கொள்ளும். அது எடையைத் தாங்காது.

லாக் பின்

ஸ்பிரிங் ஹேங்கர் வரும்போது குளிர் லோடில் செட் செய்து, ஸ்பிரிங் அசையாதபடி லாக் பின் போட்டுத்தான் வரும். ஹைட்ரோ டெஸ்டில் (தண்ணீர் நிரப்பி பிரஷர் ஏற்றும் சோதனை) ஸ்டீம் லைனுக்குள் தண்ணீர் நிற்கும். உள்விட்டம் 350 மி.மீ. இருந்தால் மீட்டருக்கு 96 கிலோ கூடுதல். அந்த எடையை ஸ்பிரிங் பார்க்கக்கூடாது, பின்தான் பார்க்கும். மேலே இருக்கும் பீமும் ராடும் அந்த எடைக்குக் கணக்கிட்டவையா என்பதையும் இப்போதே கேளுங்கள்.

டெஸ்ட் முடிந்து, தண்ணீர் வடிந்து, இன்சுலேஷன் முழுதும் ஏறிய பிறகு பின்னை எடுக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். சரியான லோடு இருந்தால் பின் கையாலேயே உருவிக்கொண்டு வரும். வராவிட்டால், "சார், பின் அசைய மாட்டேங்குது, கேஸ் கட்டிங் போட்டுடவா?" என்று ஒரு குரல் மேலிருந்து கண்டிப்பாக வரும். கூடாது. பின் இறுகியிருப்பதற்கு அர்த்தம், பைப் கொடுக்கும் லோடும் ஸ்பிரிங்கில் இருக்கும் லோடும் ஒத்துப்போகவில்லை. ராடின் நீளத்தை மாற்றும் டர்ன்பக்கிளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, பின்னின் மேலும் கீழும் ஒரே அளவு சந்து தெரியும் வரை கொண்டுவாருங்கள், தானாக வரும். டர்ன்பக்கிளை எவ்வளவு திருப்பியும் வரவில்லையென்றால் எடைக் கணக்கில் தப்பு, அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்புங்கள். ஒரு ஆலையில் பின் மேலேயே பெயிண்ட் அடித்து, ஸ்கேலும் தெரியாமல், லைன் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை நாளும் அது ரிஜிட் சப்போர்ட்டாகவே வேலை செய்திருக்கிறது. பக்கத்து வெல்டில் விரிசல் கண்டபிறகுதான் மேலே ஏறிப் பார்த்தார்கள். எடுத்த பின்னைத் தூக்கி எறியாமல் ஹேங்கர் டப்பாவிலேயே சங்கிலியில் தொங்கவிடுங்கள், அடுத்த டெஸ்டுக்கு வேண்டும்.

பிறகு ரீடிங். லைட் அப் செய்வதற்கு முன் ஒவ்வொரு ஹேங்கரின் ஸ்கேலையும் குறித்துக்கொள்ளுங்கள், முழுச் சூடு வந்து லைன் நிலைத்தபின் மறுபடியும். ஸ்கேலில் குளிர், சூடு குறிகள் தனித்தனி நிறத்தில் இருக்கும். புதிய லைனில் குறியும் முள்ளும் கச்சிதமாகச் சேராது, சில மில்லிமீட்டர் விலகலுக்குப் பதற வேண்டாம். முள் மேல் முட்டிலோ கீழ் முட்டிலோ போய் ஒட்டியிருந்தால், அல்லது குளிருக்கும் சூட்டுக்கும் நடுவே அசையவே இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் அந்த ஒரு ஹேங்கரை மட்டும் திருகிச் சரிசெய்துவிட்டு இறங்கிவிடாதீர்கள். அதற்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு ஹேங்கர்களின் ரீடிங்கையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். பல நேரம் முட்டி நிற்கும் ஹேங்கரில் கோளாறு இருக்காது. இரண்டு ஸ்பேன் தள்ளி, பிளாட்ஃபார்ம் கிரேட்டிங்கில் இன்சுலேஷன் ஷீட் மாட்டிக்கொண்டு பைப்பைப் பிடித்து வைத்திருக்கும்.